பின் பம்பரில் பெட்ரோல் கேன் கட்டலாமா?

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 7

அண்ணா, பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் முகப்புக்குப் பின்னால் வீடு கட்டிய வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். ஃபோர்டு இ-450 சேசிஸ், 29 அடி நீளம், 55 கேலன் டாங்க். அக்டோபரில் நெவாடாவில் பிளாக் ராக் பாலைவனத்தில் பத்து நாள் தங்கப் போகிறோம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அங்கே கரண்ட் கிடையாது, ஜெனரேட்டர்தான். ஐந்து கேலன் கேன் நாலு வாங்கி, பின் பம்பரில் ஒரு தட்டு போட்டுக் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார் நண்பர். மூடி இறுக்கமாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார். சரிதானே?

செப்டம்பர் 7, இரவு

சரியில்லை. மூடி பிரச்சினையே இல்லை, பம்பர்தான் பிரச்சினை.

உங்கள் வண்டியின் பின்னால் போய் பம்பரின் ஓர மூடியைக் கழற்றிப் பாருங்கள். நாலு அங்குலச் சதுரக் குழாய், உள்ளே கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலான ஆர்.வி.க்களில் (மோட்டார்ஹோம், வீட்டு டிரெய்லர் எல்லாம் சேர்த்து) அந்தக் குழாய் அதற்காக மட்டுமே இருக்கிறது. தகடு மெல்லியது, சேசிஸோடு இரண்டே இடத்தில் வெல்டு. பெட்ரோல் கேலனுக்கு ஆறு பவுண்டு. இருபது கேலன் என்றால் 120 பவுண்டு, கேன்களும் தட்டும் சேர்ந்தால் 150ஐத் தாண்டும். நிற்கும் வண்டியில் தாங்கிவிடும். ஓடும் வண்டியில்தான் கதை வேறு.

இ-450ல் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்தடிக்கு மேல் வால் நீண்டிருக்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் வால் நுனி அதைவிடப் பெரிதாக ஆடும். பிளாக் ராக் பக்கம் மண் ரோடு முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். அதில் இருபது மைல் போனால் வெல்டு என்ன ஆகும் என்று நண்பரிடம் கேளுங்கள். பங்கின் சரிவில் ஏறும்போது வால் தரையில் உரசும் வண்டி இது என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பின்னால் ஒருவன் வந்து மோதினால் முதலில் நசுங்குவது நாலு கேன் பெட்ரோல். அதற்கு ஒரு சுவர் தள்ளிப் பின் படுக்கை. அதில் தூங்குவது யார்?

செப்டம்பர் 8

பதில் வந்திருக்கிறது: "அப்படியானால் பக்கவாட்டு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாமா? மோதினாலும் பாதுகாப்பு, திருட்டும் போகாது."

பம்பரைவிட மோசம்.

பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. மைனஸ் 40 டிகிரி செல்சியஸில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். அதாவது நீங்கள் வாழ்க்கையில் பார்க்கப்போகும் எந்தக் குளிரிலும் அது தயார். காற்றில் ஒன்றரை சதவீதத்துக்கும் ஏழரை சதவீதத்துக்கும் இடையில் கலந்தால் போதும், ஒரு பொறி மிச்சம். காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம் என்பதால் மேலே போய்க் கலைந்துவிடாது. பெட்டியின் தரையில் படிந்து, ஒயர் போகும் ஓட்டை வழியாக அடுத்த பெட்டிக்கு நகரும்.

அடுத்த பெட்டியில் என்ன இருக்கிறது? பழைய கிளாஸ் சி என்கிறீர்கள். பிரிட்ஜ் புரொப்பேன் எரிவாயுச் சுடரில் ஓடும் வகையாகத்தான் இருக்கும். வெந்நீர் ஹீட்டர் தானாகப் பற்றிக்கொள்ளும். ராத்திரி குளிருக்கு ஃபர்னஸ் போட்டால் அதுவும் தானாகப் பற்றும். இது போக இன்வெர்ட்டர், பேட்டரி, தண்ணீர் பம்பின் சுவிட்ச். மோட்டார்ஹோமில் பொறி வராத பெட்டி எது என்று தேடுவது சுலபமில்லை.

என் வண்டியை எனக்கு விற்றவர் புல்வெட்டும் இயந்திரத்துக்கான சின்ன கேன் ஒன்றைப் பக்கப் பெட்டியில் வைத்திருந்தார். காலி கேன்தான். வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் சமையல் மேடைக்குக் கீழே பெட்ரோல் வாடை. பெட்டி வெளியே திறக்கும், வாடை வீட்டுக்குள் வரும். நடுவே பிளைவுட், அதில் குழாய்க்குப் போட்ட ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் நுரை. அவ்வளவுதான் தடுப்பு.

செப்டம்பர் 8, பிறகு

கூரை மேல் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி. வேண்டாம். கேனும் பெட்ரோலும் முப்பது பவுண்டுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு அந்த அலுமினிய ஏணியில் ஏறிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

செப்டம்பர் 10

எங்கே வைப்பது என்று மூன்று நாளாகப் பேசிவிட்டோம், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் போடுவோம்.

பிளாக் ராக் போக ஃபெர்ன்லியில் டாங்கை நிரப்புங்கள். அங்கிருந்து கெர்லாக் ஊர் 75 மைல் போல. அப்புறம் உள்ளே கொஞ்சம். மொத்தம் 80 மைல் என்று வையுங்கள். கேலனுக்கு எட்டு மைல் கொடுக்கும் வண்டி. போக 10 கேலன், வர 10 கேலன். மிச்சம் 35.

உள்ளே பொருத்திய 4000 வாட் ஜெனரேட்டர் பாதி லோடில் மணிக்கு அரை கேலன் போலக் குடிக்கும். அக்டோபரில் ஏசி வேண்டாம். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு கேலன். பத்து நாளைக்கு இருபது. டாங்கிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். அப்படியும் ஊர் திரும்பி வந்து 15 கேலன் கையில் நிற்கிறது. நாலு கேன் எதற்கு?

இன்னொன்று. ஜெனரேட்டருக்குப் போகும் குழாயை டாங்கின் அடிவரை விட்டிருக்க மாட்டார்கள். கால் டாங்க் வந்ததும் அது காற்றை இழுத்து நின்றுவிடும். நடுக்காட்டில் விளக்குக்காக எரித்துத் தீர்த்துவிட்டு வண்டி நகராமல் கிடக்கக் கூடாதே, அதற்காக. 55ல் கால் பங்கு பதினாலு கேலன் சொச்சம், நூறு மைலுக்கு மேல் ஓடும். தொழிற்சாலையிலேயே ஒரு ரிசர்வ் கொடுத்துவிட்டார்கள், அதன் மேல் நீங்கள் நாலு கேன் அடுக்குகிறீர்கள்.

ஆகஸ்டில் போயிருந்தால் கணக்கு தலைகீழ். ஏசியோடு ராப்பகலாக ஓட்டினால் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கேலன் போகும். அதற்கு நாலு கேன் எந்த மூலைக்கு? ஆகஸ்டில் தாஹோ பக்கம் மலைக்குப் போங்கள்.

செப்டம்பர் 10, கொஞ்சம் கழித்து

வேறொரு வாசகர்: "நீங்கள் சொல்வது நெவாடாவுக்கு. பெரிய தூரங்களுக்கு?"

பெரிய தூரம் என்று அமெரிக்காவில் பயமுறுத்தும் இடங்களைப் பார்ப்போம். யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலை, கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை பங்க் கிடையாது, 110 மைல் போல. நெவாடாவில் யூ.எஸ். 6 நெடுஞ்சாலை, ஈலியிலிருந்து டோனபா, 160 மைலுக்கு மேல். யூ.எஸ். 50ஐ 1986ல் 'லைஃப்' பத்திரிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. அதில் ஃபாலனுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே 110 மைல்தான். அலாஸ்காவின் டால்டன் ஹைவேயில் கோல்ட்ஃபுட்டிலிருந்து டெட்ஹார்ஸ் வரை 240 மைல். எட்டு மைல் கணக்கில் முப்பது கேலன். எல்லாமே ஒரு முழு டாங்குக்குள் அடங்குகிறது.

அரை டாங்கோடு கிளம்புகிறவன்தான் நடு ரோட்டில் நிற்கிறான். பங்கைப் பார்த்ததும் முள் எங்கே இருந்தாலும் நிரப்பு என்பது பாலைவனத்தில் பழகியவர்களின் பழக்கம். விலை ஒரு டாலர் கூட இருக்கும். கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். கேன், தட்டு, பட்டை எல்லாம் வாங்குகிற காசை நினைத்தால் அது மலிவு.

செப்டம்பர் 11

"ஊரில் ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வண்டிக்கு ஊற்றி வளர்ந்தவர்கள் நாங்கள், இதற்கா இவ்வளவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் வாங்கியிருக்கிறேன், மூடியில் ஓட்டை போட்டு டி.வி.எஸ். 50க்கு. அங்கே பங்கிலிருந்து வண்டி வரை அரை கிலோமீட்டர் கையில் தூக்கிப் போனோம். இங்கே பிள்ளைகள் தூங்கும் கட்டிலோடு கட்டி 300 மைல் கூட்டிப் போகப் பார்க்கிறோம். இங்கே பாட்டிலை நீட்டினால் பங்க்காரர் பம்பையே நிறுத்திவிடுவார். பெட்ரோலுக்கென்று அங்கீகரித்த கேன் வேண்டும். சிவப்பு பெட்ரோலுக்கு, மஞ்சள் டீசலுக்கு, நீலம் சீமெண்ணெய்க்கு. நிறத்தை மாற்றாதீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும், இருட்டில் உதவிக்கு வருகிற பக்கத்து முகாம்காரருக்குத் தெரியாது.

செப்டம்பர் 14

கேள்வி கேட்டவர் இப்போதுதான் முழுக் கதையைச் சொல்கிறார். உள்ளே இருக்கும் ஜெனரேட்டர் ஓடுவதில்லையாம். கார்புரேட்டர் அடைத்திருக்கலாம், பழைய வண்டியில் வழக்கம். அதைச் சரிசெய்ய நேரமில்லை என்று ஹோண்டா 2200 வாட் கைஜெனரேட்டர் வாங்கிவிட்டார். அது டாங்கிலிருந்து உறிஞ்சாது, கையால்தான் ஊற்ற வேண்டும்.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் சார்.

சரி, இப்போது ஒரு கேனுக்கு நியாயம் வந்துவிட்டது. ஒரு கேன், நாலு இல்லை. அந்த ஹோண்டாவின் டாங்க் ஒரு கேலனுக்குக் கொஞ்சம் குறைவு, கால் லோடில் எட்டு மணி நேரம் ஓடும். பேட்டரி சார்ஜ், விளக்கு, செல்போன், அப்பப்போ மிக்ஸி, அவ்வளவுக்கு ஒரு நாளைக்கு அரை கேலன் தாராளம். ஐந்து கேலன், பத்து நாள். கணக்கு முடிந்தது.

மைக்ரோவேவைப் போடும்போது வேறு எதையும் போடாதீர்கள்.

செப்டம்பர் 14, இரவு

எந்த கேன் என்று கேட்டிருக்கிறார். இதில் எனக்கே ஒரு தீர்மானத்தில் நிற்க முடிவதில்லை.

2009க்குப் பிறகு இங்கே விற்கும் பிளாஸ்டிக் கேன்களில் ஆவி வெளியே போகாதபடி தானாக மூடும் மூக்கு கட்டாயம். காற்றுத் துளை தனியாக இருக்காது. அதை அழுத்தி, திருப்பி, இழுத்து, மூன்றையும் ஒரே கையால் செய்து, பாதியைச் செருப்பில் ஊற்றிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆவியைத் தடுக்கிறேன் என்று திரவத்தையே தரையில் கொட்டவைத்த சட்டம். இதற்காகப் பலர் கேனில் ஓட்டை போட்டுக் காற்று வால்வு செருகுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தத் துளை மோட்டார்ஹோமின் ஆட்டத்தில் கசியும்.

2020 கடைசியில் வந்த இன்னொரு சட்டம் நல்ல சட்டம். 2023 ஜூலை முதல் தயாராகும் கேன்களின் வாயில் தீத்தடுப்பு வலை இருக்க வேண்டும். வெளியே பற்றிய தீ கேனுக்குள் நுழைந்து உள்ளிருந்து பீச்சி அடிக்காமல் தடுப்பது அதுதான். பழைய கேன் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போகாமல் புதிது வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், கழுத்தில் சல்லடை மாதிரி ஒன்று தெரியும். புனல் வைக்க இடைஞ்சல் என்று அதைப் பிடுங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரும்பு ஜெர்ரி கேனுக்கு எனக்கு ஒரு பலவீனம் உண்டு. 1930களின் பிற்பாதியில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்தது. இருபது லிட்டர். மேலே மூன்று கைப்பிடி: நிரம்பிய கேனை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கலாம், காலி கேன் என்றால் ஒரே கையில் இரண்டு. தோளில் ஒரு காற்றுப் பை விட்டிருப்பதால் பெட்ரோலோடு தண்ணீரில் மிதக்கும். அதே காலத்தில் பிரிட்டிஷ் படை வைத்திருந்த தகர டின்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வழியெல்லாம் ஒழுகின. கைப்பற்றிய ஜெர்மன் கேன்களுக்கு அங்கே அடிதடி.

இந்தக் கேன் அமெரிக்காவுக்கு வந்த வழியில் நம் ஊர் ஒன்று இருக்கிறது. 1939 கோடையில் பால் பிளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு ஜெர்மன் சகாவோடு பெர்லினிலிருந்து தரைவழியாக இந்தியாவுக்கு வண்டியில் கிளம்பினார். அவசரத் தண்ணீருக்குப் பாத்திரம் எடுக்க மறந்துவிட்டார்கள். ஜெர்மன்காரர் டெம்பல்ஹாஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து இந்தக் கேன்கள் மூன்றைக் கொண்டுவந்தார். வண்டி கல்கத்தா வந்து சேர்ந்தது. பிளைஸ் பிறகு அமெரிக்க ராணுவத்திடம் கேனைப் பற்றிச் சொன்னபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். இரும்பா பிளாஸ்டிக்கா? இரும்பு தேயும், உள்ளே துருப்பிடிக்கும், கனம். ஆனால் மூடி இரும்புக் கொக்கியால் கடித்து நிற்கும். பிளாஸ்டிக் உப்பும், வெயிலில் வெளுக்கும். ஆனால் இடித்தால் மடங்கி மீளும். இன்றைக்குக் கேட்டால் தீத்தடுப்பு வலை உள்ள புது பிளாஸ்டிக் கேன் என்று சொல்வேன்.

செப்டம்பர் 15

நிரப்புவது பற்றி. கேனை வண்டிக்குள் வைத்தே நிரப்பாதீர்கள். பம்ப் மூக்கிலிருந்து பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். தரையில் வைத்தால் இறங்கிவிடும். பிக்கப் லாரியின் பிளாஸ்டிக் விரிப்பு மேலும் காரின் கம்பளம் மேலும் இறங்க வழியில்லாமல் நின்று, பம்பை எடுக்கும் நேரத்தில் பொறி தட்டிய விபத்துகள் இங்கே நிறைய. எனவே தரையில் வை, மூக்கு கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், மெதுவாகப் பிடி.

முழுக்க நிரப்ப வேண்டாம். பெட்ரோல் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் நூற்றுக்கு இரண்டு பங்கு பெருகும். அக்டோபரில் பாலைவனத்தில் விடிகாலைக்கும் மத்தியானத்துக்கும் அந்த வித்தியாசம் சாதாரணம். ஐந்து கேலன் கேனில் நாலே முக்கால் போதும்.

மலை ஏறினால் இன்னும் உப்பும். டெத் வேலியின் பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. அங்கே மூடிய கேனை 6,500 அடிக்கு மேல் இருக்கும் ஆஸ்டினுக்குக் கொண்டுபோனால் வெளியே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பக்கங்கள் பூரி மாதிரி எழும்பி, தரையில் வைத்தால் கேன் தட்டையாக நிற்காமல் ஆடும். பயப்பட வேண்டாம், கேன் அதற்காகத்தான் செய்தது. ஆனால் அப்படியே சடாரென்று திறந்தால் முகத்தில் அடிக்கும். நிழலில் வைத்து ஆறவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று மட்டும் திருகு. "உஸ்" சத்தம் நின்ற பிறகு மிச்சம்.

செப்டம்பர் 19

"அந்த ஒரு கேனை எங்கே வைப்பது என்று இன்னும் சொல்லவில்லையே?"

உண்மைதான். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன், காரணம் நல்ல இடம் என்று ஒன்று இல்லை. குறைவான கெட்ட இடம்தான் உண்டு.

பின்னால் கார் இழுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். ஜீப் ரேங்லர் இழுக்கிறாராம். அப்படியானால் கேன் ஜீப்பின் வெளியே, உதிரிச் சக்கரத்தின் மேல் பொருத்தும் தட்டை கேனாக இருக்கட்டும். ரோட்டோபேக்ஸ் மாதிரி பூட்டோடு வருபவை மூன்று, நாலு கேலன் கொள்ளும். மோட்டார்ஹோமின் சுடர்களிலிருந்து இருபதடி தள்ளி, காற்றோட்டத்தில், படுக்கைக்குப் பக்கத்தில் இல்லாமல்.

இப்போது யாராவது கேட்பீர்கள்: அதுவும் பின்பக்கம்தானே, பின்னால் மோதினால்? ஆமாம். அந்த ஆபத்து தீரவில்லை. ஆனால் ஜீப்பில் அந்த நேரத்தில் ஆள் இல்லை. ஜீப்பை ஓட்டிப் போகும்போது கேனைக் கழற்றி முகாமில் நிழலில் வைத்துவிடுங்கள், கூடாரத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி.

கார் இழுக்காதவர்களுக்கு? சேசிஸோடு போல்ட் போட்ட ஹிட்ச் ரிசீவரில் (இழுவைக் கொக்கி மாட்டும் குழாய்) செருகும் இரும்புத் தட்டு. அது பம்பர் இல்லை, பளு அளவு முத்திரை குத்தியிருக்கும். வாலின் ஆட்டம் அங்கேயும் உண்டு என்பதால் ஒரு கேனோடு நிறுத்துங்கள். நிமிர்த்தி, மேலும் கீழுமாக இறுக்கிப் பூட்டும் ராட்செட் பட்டை இரண்டு. ரப்பர் கொக்கி கயிறு வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் புகைக்குழாய் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று முதலில் பாருங்கள். கேனுக்கு நேராக ஊதும் வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

டிரெய்லர் வைத்திருக்கும் ஒருவர்: முன் நாக்கில், புரொப்பேன் சிலிண்டருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதே என்கிறார். இடம் இருக்கிறது. புரொப்பேன் சிலிண்டர் சூடானால் பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவை வெளியே விடும். அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் வைக்கலாமா என்று அவரே யோசிக்கட்டும்.

மணல் வண்டி ஏற்றும் டாய் ஹாலர்காரர்கள் இந்த இழையைப் படித்துச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தனி டாங்க், பம்ப், மூக்கு எல்லாம் பொருத்தியே வருகிறது.

செப்டம்பர் 21

நேற்று இரவு யோசித்தேன். ஜீப் இருக்கிறது என்றால் கேனில் பெட்ரோலை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்து கிளம்புவானேன்? நாலு கதவு ரேங்லரின் டாங்கிலேயே இருபது கேலனுக்கு மேல் பிடிக்கும். மோட்டார்ஹோமை முகாமில் போட்டுவிட்டு, ஜீப்பில் காலி கேனோடு கெர்லாக் போய் நிரப்பி வரலாமே. 300 மைல் பெட்ரோலைச் சுமக்கிற வேலை சில மைலாகச் சுருங்குகிறது. அங்கே பம்ப் ஓடுகிறதா என்று போகிற வழியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் ஃபெர்ன்லியிலேயே கேனை நிரப்பியிருக்க வேண்டும், ஆகவே முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

ஜீப் டாங்கிலிருந்து குழாய் விட்டு உறிஞ்சலாமா என்று கேட்க வேண்டாம். இப்போதைய கார்களில் குழாய் உள்ளே போகாதபடி தடுப்பு இருக்கிறது. போனாலும் வாயால் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் ஒரு வாய் போனால் ஆஸ்பத்திரிதான், ஆஸ்பத்திரி ரீனோவில் இருக்கிறது.

செப்டம்பர் 28

ஊற்றும் முறை கேட்டிருக்கிறார்கள், மூன்று பேர்.

ஜெனரேட்டரை நிறுத்தி ஆறவிடுங்கள். சைலென்சர் பக்கம் கையைக் கொண்டுபோனால் சூடு அடிக்கக் கூடாது. இதுதான் எல்லோரும் ஏமாற்றும் இடம். படம் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் கத்துவார்கள், ஒரு நிமிஷம்தானே என்று ஓடும் இயந்திரத்திலேயே ஊற்றுவார்கள். ஊற்றும் நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், இருட்டிய பிறகு வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது எவ்வளவு நிரம்பியது என்று கண்ணுக்குத் தெரியும்.

மோட்டார்ஹோமின் டாங்குக்கே ஊற்றுவதானால் பிரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர், ஃபர்னஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போங்கள். பிரிட்ஜின் காற்றுத் துளையும் பெட்ரோல் வாயும் ஒரே பக்கம் இருக்கும் வண்டிகள் நிறைய. பங்கிலும் இதே விதிதான், பலர் செய்வதில்லை. ஐந்து கேலனைக் கையில் தூக்கிப் பிடித்து ஊற்றுவதைவிட, நுனியில் பித்தளை வால்வு வைத்த ஆட்டிக் குழாய் நல்லது: கேனை உயரத்தில் வை, நுனியைக் கேனுக்குள் விட்டு நாலு தடவை மேலும் கீழும் ஆட்டு, தானாக ஓடத் தொடங்கும். சில புது வண்டிகளில் மூடியில்லாத வாய், கேனின் மூக்கு அதைத் திறக்காது. வண்டியோடு கொடுத்த புனல் எங்கே என்று வீட்டிலேயே தேடிவிடுங்கள்.

தீயணைப்பான் தயாராக இருக்கட்டும், கேனுக்குப் பக்கத்தில் இல்லை, பத்தடி தள்ளி. தீ பிடித்தால் ஓடிப்போய் எடுக்கிற இடத்தில் அது இருக்க வேண்டும், தீக்குள் இல்லை. பி வகைத் தீக்கு (பெட்ரோல் மாதிரி எரியும் திரவங்கள்) உரியதா என்று லேபிளில் பாருங்கள்.

அக்டோபர் 2

கால் டாங்க் கதை பற்றி ஒரு மெக்கானிக் வாசகர் எழுதுகிறார்: எல்லா வண்டியிலும் கால் இல்லை, வண்டிக்கு பாடி கட்டிய கம்பெனியைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம், பழைய வண்டியில் அந்த ரப்பர் குழாய் வெடித்தால் பாதி டாங்கிலேயே ஜெனரேட்டர் நின்றுவிடும். நல்ல தகவல். உங்கள் ஜெனரேட்டர் ஓடாததற்குக் காரணம் கார்புரேட்டர் இல்லாமல் அந்தக் குழாயாகவும் இருக்கலாம். டாங்கை முழுக்க நிரப்பி ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அக்டோபர் 5

கேட்டவர் எழுதுகிறார்: டாங்கை நிரப்பினேன், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டது!

ஹோண்டாவை என்ன செய்வது என்கிறார். எனக்கு அனுப்பிவையுங்கள்.

விளையாட்டு போகட்டும். ஓடினாலும் அந்தக் குழாயை மாற்றாமல் போகாதீர்கள். வெடிப்பு வழியாக உள்ளே காற்று போகிறது என்றால் வெளியே ஆவி வரும்.

அக்டோபர் 23

போய் வந்துவிட்டார்கள். நடுவில் மழை ஒரு நாள். அந்தக் காய்ந்த ஏரித் தரை நனைந்தால் சக்கரம் நகராது. 2023 செப்டம்பரில் பர்னிங் மேன் திருவிழாக் கூட்டம் முழுக்க அங்கே மாட்டிக்கொண்டது இதனால்தான். இவர்கள் கரையோரம் தங்கியதால் ஒரு நாள் கூடுதலாக இருந்ததோடு சரி. ஒரு கேன் ஜீப்பில் போனது, மூன்று கேலன். அதைத் திறக்கவே இல்லையாம்.

திறக்காத அந்த மூன்று கேலனை கராஜில் வைக்காதீர்கள். கராஜில் வெந்நீர் ஹீட்டர் இருக்கும், கதை திரும்ப ஆரம்பிக்கும். இன்றைக்கே ஜீப்பில் ஊற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் நாள் போகப் போகத் தண்ணீரை இழுக்கும், மாதக்கணக்கில் வைத்தால் கார்புரேட்டர்தான் அடைக்கும்.

ஊற்றிய பிறகு காலி கேன் என்று அலட்சியம் வேண்டாம். நிரம்பிய கேனுக்குள் ஆவி அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் பற்றாது. அடியில் ஒரு கரண்டி மிஞ்சிய கேனில்தான் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்து நிற்கும். வெளியில், நிழலில், மூடியைத் திருகி வையுங்கள். பிள்ளைகளின் சைக்கிள் பக்கத்தில் வேண்டாம்.

அக்டோபர் 24

ஒருவர் வீட்டில் மூன்று வருஷப் பழைய பெட்ரோல் இரண்டு கேன் இருக்கிறதாம், செடிக்குக் கீழே ஊற்றலாமா என்கிறார். கூடாது, சாக்கடையிலும் கூடாது. உங்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) அபாயக் கழிவு மையத்தில் வீட்டுக்காரர்களிடம் வாங்கிக்கொள்வார்கள். எத்தனை கேலன் வரை, எந்தக் கிழமை என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கொண்டுபோகும்போது கார் டிக்கியில் நிமிர்த்தி, கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல்.